விட்ட இடத்திலிருந்து

2003இல் பெங்களூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்த மூன்றாவது வாரம். குழுத் தலைவர் என் மேசையில் ஒரு லேப்டாப்பை வைத்து, "இது தூங்கி எழுந்திருக்கணும், பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். 256 எம்பி ரேம், நிமிடத்துக்கு 4200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க், அதில் லினக்ஸ். மூடியை மூடினால் தூங்குவது வேறு வகை. அதில் ரேமுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அவர் கேட்டது ஹைபர்நேட். ரேமில் இருப்பதையெல்லாம் டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு இயந்திரம் முழுதாக அணைந்துவிட வேண்டும். பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்து, மறுநாள் மாட்டிப் பொத்தானை அழுத்தினால், பாதியில் விட்ட கடிதம் அதே பாதியில் திரையில் நிற்க வேண்டும்.

ஒரு மாத வேலை என்று கணக்குப் போட்டேன். இருபது வருடங்கள் தாண்டியும் என் மேசையில் ஏதாவது ஓர் இயந்திரம் தூங்கி எழுந்துகொண்டுதான் இருக்கிறது.

அதற்கு முந்தைய தலைமுறை லேப்டாப்களில் இந்த வேலையை பயாஸே பார்த்துக்கொண்டது. ரேமின் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக டிஸ்கில் ஒரு பார்ட்டிஷன் ஒதுக்கி, பிஹெச்டிஸ்க் என்ற சின்ன டாஸ் நிரலால் அதைத் தயார்செய்து கொடுத்தால் போதும். பயாஸ் ரேமை அப்படியே அங்கே கொட்டி வைக்கும். தான் எப்படிச் சேமிக்கப்பட்டோம் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. குடும்பப் படம் எடுப்பதுபோலத்தான்: குடும்பம் உள்ளே நிற்கிறது, படம் எடுப்பவர் வெளியே நிற்கிறார். ஏசிபிஐ முறை பரவியபோது அந்தப் பொறுப்பு ஆபரேட்டிங் சிஸ்டத்தின் தலையில் வந்து விழுந்தது. படத்தில் நிற்பவரே கேமராவையும் பிடிக்க வேண்டும் என்றாகிவிட்டது. எங்கள் தொழிலின் தொல்லைகள் பெரும்பாலும் அங்கிருந்து கிளைத்தவைதான்.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் தன்னுடைய நினைவகத்தை டிஸ்கில் எழுத வேண்டும். எழுத, டிஸ்க் டிரைவர் ஓட வேண்டும். டிரைவர் ஓடினால் நினைவகம் மாறும். ஒரு கவுண்டர் கூடும், வரிசையில் ஒரு கோரிக்கை சேரும், இன்டரப்ட் வந்து எதையாவது புரட்டிவிட்டுப் போகும். முதல் பக்கத்தை எழுதிவிட்டு ஐம்பதாயிரமாவது பக்கத்துக்கு வரும்போது, இரண்டும் வேறு வேறு கணங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட படத்திலிருந்து எழும் கெர்னல் நாலு அடி நடக்காது.

அதனால் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. ஓடும் நிரல்களை எல்லாம் உறைய வைப்பது முதலில். பிறகு சாதனங்களை நிறுத்தி, ஒன்றைத் தவிர மற்ற சிபியுக்களை அணைத்து, இன்டரப்டுகளை மூடிவிட வேண்டும். யாரும் அசையாத அந்த நொடியில், பயன்பாட்டில் இருக்கும் ஒவ்வொரு 4 கேபி பக்கத்தையும் ரேமிலேயே காலியாக இருக்கும் இன்னொரு பக்கத்துக்கு நகலெடுக்கிறது கெர்னல். நகல் முடிந்ததும் சாதனங்களை மறுபடி எழுப்பி, அந்த நகலை நிதானமாக டிஸ்கின் ஸ்வாப் பகுதியில், ரேமில் இடம் போதாத பக்கங்களை ஒதுக்கிவைக்கும் இடத்தில், எழுதுகிறது. இதற்கிடையில் அசல் எப்படி மாறினால் என்ன, நகல் அசையாது.

நகலை வைக்க இடம் வேண்டுமே. 256 எம்பி என்றால் 65,536 பக்கங்கள். பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் நகலுக்கு இடமில்லை. ஆக, தூங்கப் போகும் முன் பாதி ரேமையாவது காலிசெய்தாக வேண்டும். நினைவகத்தை விடுவிக்கிறேன் என்று ஒரு வரி திரையில் வரும். அதன் முனையில் ஒரு சிறு கோடு சுழன்றுகொண்டிருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்தபடி நான் கழித்த மாலைகள் அதிகம். கோப்புகளின் கேஷ் முதலில் கழியும். அதுவும் போதாவிட்டால் நிரல்களின் பக்கங்கள் ஸ்வாப்புக்குப் போகும். டிஸ்கில் எழுதும் அந்த நகலும், அதாவது இமேஜும், அதே ஸ்வாப்பில்தான் உட்கார வேண்டும். ரேமைவிட இரண்டு மடங்கு ஸ்வாப் வையுங்கள் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் மந்திரம்போலச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்; அந்த வாக்கின் காரணத்தை நான் புரிந்துகொண்டது இந்தக் கோட்டைப் பார்த்துத்தான். ஒரே கிணற்றில் இரண்டு ஏற்றம் இறைக்கிற கதை.

அந்த லேப்டாப் எழுந்துவிட்டது. ஆனால் எழுந்த கையோடு ஓபன்ஆபிஸில் ஒரு மெனுவைத் தொட்டால் டிஸ்க் விளக்கு விடாமல் எரியும், மெனு விரிய எச்சில் விழுங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கேஷ் முழுக்கக் காலி, நிரல்களின் பக்கங்கள் டிஸ்கில். ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வர வேண்டும். "முழிச்சிருச்சு, ஆனா தூக்கக் கலக்கம் போகலையே" என்றார் குழுத் தலைவர். எழுந்ததாகத் திரை சொல்வது ஒன்று, மனிதர் வேலையைத் தொடர்வது வேறொன்று என்பது அன்றைக்கு மனதில் பதிந்தது. இன்றுவரை எந்த இயந்திரத்தைச் சோதித்தாலும் நான் அளப்பது திரை வரும் நேரத்தை அல்ல, முதல் மெனு விரியும் நேரத்தை.

அந்த வருடங்களில் லினக்ஸில் இந்தத் துறை மூன்று ஓடைகளாகப் பிரிந்து ஓடியது. செக் நாட்டின் பாவெல் மாச்செக் பேணிவந்த ஸ்வ்சஸ்ப் 2002இல் 2.5 வரிசைக் கெர்னலில் சேர்ந்திருந்தது. 2.6 வரும் சமயத்தில் பேட்ரிக் மோச்செல் அதைப் பிரித்தெடுத்துத் திருத்தி, பிஎம்டிஸ்க் என்று தனியாக வைத்தார். 2004இல் இரண்டும் மறுபடி ஒன்றாயின. நைஜல் கன்னிங்ஹாமின் சஸ்பெண்ட்2 கெர்னலுக்கு வெளியே பேட்ச்சாகவே வளர்ந்தது. பின்னாளில் அதன் பெயர் டக்ஸ்ஆன்ஐஸ்.

எங்கள் அலுவலக லேப்டாப்களில் நாங்கள் போட்டிருந்தது சஸ்பெண்ட்2தான். அதன் யோசனை என்னை அப்படியே ஈர்த்துக்கொண்டது. நிரல்கள் உறைந்த பிறகு, அவற்றின் பக்கங்களையும் கோப்புக் கேஷையும் இனி யாரும் தொட மாட்டார்கள் அல்லவா? அவற்றை முதலில் டிஸ்கில் எழுதிவிடு. எழுதி முடித்ததும் அவை உட்கார்ந்திருந்த இடத்தையே, மீதி நினைவகத்தின் நகலை வைக்கப் பயன்படுத்திக்கொள். பாதி ரேம் என்ற வரம்பு காணாமல் போய்விடும். முழு ரேமும் சேமிக்கப்படும், எழுந்ததும் மெனு சட்டென்று விரியும். எஸ்கேப்பை அழுத்தித் தூக்கத்தை நடுவில் நிறுத்தவும் வழி வைத்திருந்தார்கள். பயன்படுத்தியவர்கள் அதை விடவே மாட்டார்கள்.

ஆனால் அது அதிகாரபூர்வக் கெர்னலுக்குள் கடைசிவரை நுழையவில்லை. மாதங்கள் அல்ல, வருடங்கள் விவாதம் நடந்தது. எனக்கு அப்போது கோபம் இருந்தது. இன்று இரண்டு பக்கத்தையும் புரிந்துகொள்ள முடிகிறது. 'இனி யாரும் தொட மாட்டார்கள்' என்பதில்தான் முழுப் பாரமும் இருந்தது. உறைய மறந்த ஒரே ஒரு கெர்னல் இழை அந்தப் பக்கங்களில் ஒன்றைத் தொட்டாலும் படம் கெட்டுப்போகும். கெட்டது அன்றைக்குத் தெரியாது. வேகம் குறைந்த, பாதி ரேமோடு நின்றுகொள்ளும் முறையில் அந்த அபாயம் இல்லை. பேட்ச்சின் அளவும் பலரை மிரட்டியது. பிறகு போலந்தின் ரஃபேல் விசோட்ஸ்கி பொறுமையாக ஒவ்வொரு கல்லாக எடுத்து வைத்து, உள்ளே இருந்த முறையையே மேம்படுத்தினார். எழுதும் வேலையைக் கெர்னலுக்கு வெளியே உள்ள நிரலிடம் ஒப்படைக்கும் வழி 2006இல் வந்தது. இமேஜ் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று நாமே சொல்ல ஓர் அமைப்பும் வந்தது. முதலில் அதன் இயல்பு மதிப்பு 500 எம்பி, பிறகு மொத்த ரேமில் ஐந்தில் இரண்டு பங்கு. எழுதும்போதே எல்இசட்ஓ முறையில் சுருக்குவதும் சேர்ந்தது. டிஸ்க் மெதுவாகவும் சிபியு வேகமாகவும் இருந்த காலம் அது. சுருக்கி எழுதுவதால் நேரம் மிச்சமானது.

2005இல் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைச் செய்தது நான். வாடிக்கையாளர் ஒருவரின் லேப்டாப் பழுதுபார்க்க வந்திருந்தது. அது ஹைபர்நேட் ஆகியிருக்கிறது என்று தெரிந்தும், ஒரு கோப்பைப் பார்க்கும் அவசரத்தில் மீட்பு சிடியைப் போட்டு பூட் செய்தேன். டிஸ்கைப் படிக்க மட்டும் என்றுதான் மவுன்ட் செய்தேன், எதையும் எழுதவில்லை. கோப்பைப் பார்த்தேன், அணைத்தேன். பிறகு வழக்கம்போல எழுப்பினேன். கடிதம், உலாவி, எல்லாம் விட்ட இடத்தில் இருந்தன. திருப்பிக் கொடுத்தாயிற்று.

இரண்டு நாள் கழித்து லேப்டாப் திரும்பி வந்தது. கோப்புகளைத் திறந்தால் உள்ளே வேறு கோப்பின் துண்டு. சரிபார்ப்பு நிரலை ஓட்டினால் கேள்விமேல் கேள்வி. முடிவில் பெயரிழந்த கோப்புகள் எண்களை மட்டும் சுமந்துகொண்டு ஒரு கோப்பகத்தில் குவிந்து கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, இது திருமண அழைப்பிதழ், இது வங்கிக் கடிதம் என்று அவரோடு உட்கார்ந்து பெயர் வைத்தேன். மூன்று நாள் ஆனது. எல்லாவற்றையும் மீட்க முடியவில்லை.

நடந்தது இதுதான். இஎக்ஸ்டி3 கோப்பு முறையில் ஜர்னல் உண்டு. சரியாக மூடப்படாத டிஸ்கைப் பார்த்ததும், படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்தாலும்கூட, அது ஜர்னலில் மிச்சமிருப்பதை டிஸ்கில் எழுதிச் சரிசெய்துவிடும். நான் எழுதவில்லை, ஆனால் டிஸ்க் மாறிவிட்டது. தூங்கிய கெர்னலின் நினைவகத்திலோ டிஸ்கைப் பற்றிய பழைய வரைபடம் அப்படியே இருந்தது: எந்த இடம் காலி, எந்தக் கோப்பு எங்கே என்று. எழுந்ததும் அந்த வரைபடத்தை நம்பி எழுத ஆரம்பித்துவிட்டது. கெர்னலோடு வரும் ஆவணத்தின் தொடக்கத்திலேயே இதைப் பற்றிக் கடுமையான எச்சரிக்கை உண்டு. நான் அதைப் படித்திருந்தேன். மவுன்ட் செய்வதும் தொடுவதுதான் என்பது மட்டும் உறைக்கவில்லை.

ரேமில் இருப்பதில் பெரும்பகுதி வெளியுலகைப் பற்றி கெர்னல் கொண்டிருக்கும் நம்பிக்கைகள் என்று அதற்குப் பிறகுதான் பார்க்கப் பழகினேன். டிஸ்க் இப்படி இருக்கிறது, கார்டு இந்த நிலையில் இருக்கிறது, எதிர்முனை சர்வர் என்னை அறியும், இந்த முகவரி என்னுடையது. பக்கங்களைப் பிசகாமல் சேமிப்பது பாதி வேலை. எழும் நேரத்தில் அந்த நம்பிக்கைகள் மெய்யாக இருக்கின்றனவா என்று பார்ப்பது மீதி.

எழுப்பும் பக்கத்தையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பொத்தானை அழுத்தினால் சாதாரணமாக ஒரு கெர்னல் பூட் ஆகிறது. எந்தக் கோப்பு முறையையும் மவுன்ட் செய்வதற்கு முன்பே அது ஸ்வாப் பகுதியின் முதல் பக்கத்தைப் படித்தாக வேண்டும். 4096 பைட்டுகளில் கடைசிப் பத்து பைட்டுகள்தான் விஷயம். சாதாரண ஸ்வாப் என்றால் 'ஸ்வாப்ஸ்பேஸ்2' என்ற பத்து ஆங்கில எழுத்துகள் அங்கே இருக்கும். தூங்கப் போன கெர்னல் அதை அழித்துவிட்டு 'எஸ்1சஸ்பெண்ட்' என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்தால் இமேஜ் இருக்கிறது என்று பொருள். பார்த்த உடனே பழைய எழுத்துகளைத் திருப்பி எழுதிவிடும். எழுப்பும் முயற்சி நடுவில் செத்தால், அதே இமேஜை இன்னொரு முறை எழுப்பிப் பார்க்கும் ஆபத்து வரக் கூடாது என்பதற்காக. பூட்டும் சாவியும் எல்லாம் அந்தப் பத்து பைட்டுகள்தான்.

பிறகு நடப்பது என்னை இன்றும் மூச்சடக்க வைக்கிறது. பூட் ஆன கெர்னல், இமேஜின் ஒவ்வொரு பக்கத்தையும் அது முன்பு இருந்த அதே இடத்தில் வைக்க வேண்டும். ஆனால் அந்த இடங்கள் சிலவற்றில் இப்போது தானே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே காலியாக உள்ள இடங்களுக்கு உரிய பக்கங்களை நேரே வைத்துவிடுகிறது. மோதுகிற பக்கங்களைப் பாதுகாப்பான வேறு இடங்களில் தற்காலிகமாக வைத்து, எது எங்கே போக வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்கிறது. கடைசியில் சாதனங்கள் நின்று, இன்டரப்டுகள் மூடப்பட்ட பிறகு, அசெம்பிளியில் எழுதிய சின்னஞ்சிறு துண்டு ஒன்று அந்தப் பட்டியலைப் பார்த்துப் பக்கங்களை நகர்த்துகிறது. பூட் ஆன கெர்னல் தன் மேலேயே இன்னொரு கெர்னலை எழுதிக்கொண்டு மறைகிறது. அந்தத் துண்டும், அது பயன்படுத்தும் பக்க அட்டவணைகளும், மேலெழுதப்படாத இடத்தில் இருந்தாக வேண்டும். பட்டியல் தீர்ந்ததும் ஒரு தாவல். தூங்கும் முன் நகலெடுத்து முடித்த அதே வரிக்கு அடுத்த வரியில் பழைய கெர்னல் கண்விழிக்கிறது. அதைப் பொறுத்தவரை நடுவில் எதுவும் நடக்கவில்லை.

இந்தத் தாவலையும் காலம் விட்டுவைக்கவில்லை. பாதுகாப்புக்காகக் கெர்னலின் இருப்பிடத்தை ஒவ்வொரு பூட்டிலும் மாற்றிவைக்கும் முறை 2014இல் வந்தபோது, அதுவும் ஹைபர்நேட்டும் ஒன்றாக ஓட முடியவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்ற நிலை. 2016இல் 64 பிட் இன்டெல், ஏஎம்டி இயந்திரங்களுக்கு அதைச் சரிசெய்தார்கள்.

2010இல் பெங்களூரை விட்டுக் கோவை வந்து சொந்தமாக வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்தேன். 2012இன் மின்வெட்டை அந்தப் பகுதிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாளுக்குப் பத்து மணிநேரத்தைத் தாண்டிய நாட்கள் உண்டு. நூல் வியாபாரக் கடை ஒன்றில் ஐந்து கம்ப்யூட்டர், ஒரு சர்வர், எல்லாம் லினக்ஸ். யுபிஎஸ் பேட்டரிகள் பழசு. கரண்ட் போய்ச் சில நிமிடங்களில் பேட்டரி இறங்கும். இறங்கும் முன் ஒவ்வொரு இயந்திரமும் ஹைபர்நேட் ஆக வேண்டும். 2 ஜிபி ரேம்தான், சுருக்கி எழுத அரை நிமிடம்கூட ஆகாது. அமைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுவாரம் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். அறுபதைத் தாண்டிய மனிதர்.

"தம்பி, மூணு மெசின் தூங்குதுங்க. ரெண்டு தூங்காமயே செத்துப் போகுதுங்க."

"எந்த ரெண்டுங்க ஐயா? தினமும் அதே ரெண்டா?"

"இல்லீங்க. எதுல பில்லு போட்டுட்டு இருக்கறமோ அதுதானுங்க."

பாதி விடையை அவரே சொல்லிவிட்டார். போய் லாகைத் திறந்து பார்த்தேன். சர்வரின் யுபிஎஸ்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்ந்துபோகிறது. பில் நிரல் சர்வரிலுள்ள கோப்பகத்தை நெட்வொர்க் வழியே திறந்து வைத்திருக்கிறது. சர்வர் போனதும், அதனிடமிருந்து பதிலுக்குக் காத்திருக்கும் நிரல் அசையாமல் நிற்கிறது. அப்படிக் காத்திருக்கும் நிரலைக் கெர்னலால் உறைய வைக்க முடியாது. 20 நொடி முயன்றுவிட்டு, இன்ன நிரல் உறைய மறுக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு, மற்றவற்றையும் விடுவித்துவிடுகிறது. இயந்திரம் விழித்தபடியே பேட்டரி தீர்ந்து சாகிறது. ரேமைப் பற்றியும் டிஸ்கைப் பற்றியும் நான் போட்ட கணக்கெல்லாம் சரி. யார் முதலில் தூங்குவது என்ற கணக்கு தப்பு. நல்ல பேட்டரியைச் சர்வருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் மாற்றி, ஐந்தும் தூங்கிய பிறகே சர்வர் தூங்கும்படி வரிசைப்படுத்தினேன்.

அதோடு முடியவில்லை. ஒரு மாதம் கழித்து, ஒரே எண்ணில் இரண்டு பில். கணக்குப்பிள்ளை இரண்டையும் பேரேட்டின் மேல் அருகருகே வைத்துக் காட்டினார். எண் ஒன்று, தேதி வேறு, பார்ட்டி வேறு. முந்தின நாள் சாயங்காலம் ஒரு மெசினில் புது பில்லைத் திறந்திருக்கிறார்கள். நிரல் அடுத்த எண்ணை வாங்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது. கரண்ட் போய் மெசின் தூங்கிவிட்டது. சர்வர் எழுந்த பிறகு, அந்த எண்ணுக்கான பிடி காலாவதியாகி, இன்னொரு மெசினுக்கு அதே எண் போய்விட்டது. காலையில் எழுந்த மெசின், நேற்று வாங்கிய எண்ணோடு பில்லைச் சேமித்துவிட்டது. ஹைபர்நேட் ஒரு பிட்டைக்கூடத் தவறவிடவில்லை. அந்த நினைவகம் சொன்னது அத்தனையும் நேற்றைக்கு மெய்.

"அப்ப அது கண்ணு முழிச்சதும் நேரா வேலையப் பாக்கக் கூடாதுங்க தம்பி. நேத்து என்னாச்சுன்னு ஒருக்கா கேட்டுட்டுத்தான் உக்காரணும்" என்றார் அவர். அப்படியே செய்தோம். தூங்கும் முன் திறந்திருக்கும் பில்லை வரைவாக ஒதுக்கி எண்ணை விட்டுவிடவும், எழுந்ததும் சர்வரோடு புதிதாகப் பேசி எண் வாங்கவும் இரண்டு சிறு ஸ்கிரிப்ட்கள். அப்போது பரவலாக இருந்த பிஎம்-யூட்டில்ஸ் தொகுப்பில் அதற்கென்றே ஒரு கோப்பகம் உண்டு. அந்தக் கடையில் ஹைபர்நேட் ஒழுங்காக ஓடியது அதன் பிறகுதான்.

அதே 2012இல் விண்டோஸ் 8 வந்தது. அதில் கணினியை அணைத்தால் கெர்னல் பகுதி மட்டும் ஹைபர்நேட் ஆகிறது, அடுத்த முறை சீக்கிரம் எழுவதற்காக. அதனால் அணைத்தாயிற்று என்று நம்பி லினக்ஸில் போய் அதே பார்ட்டிஷனைத் திறப்பவர்கள் தூங்குகிறவரின் டிஸ்கைத் தொடுகிறார்கள். என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் இதைக் கண்டுபிடித்து, எழுதும் வகையில் மவுன்ட் செய்ய மறுத்துவிடுகிறது. அது ஏன் அடம் பிடிக்கிறது என்று கேட்டு எனக்கு வந்த அழைப்புகளுக்குக் கணக்கில்லை. 2005 லேப்டாப்பின் கதையைத்தான் எல்லோருக்கும் சொன்னேன்.

நான் அதிகம் கற்றுக்கொண்டது 2015இல் ஒரு சோதனையில். ஒரு புது மாதிரி லேப்டாப், 8 ஜிபி ரேம். இருபது தடவை தூங்கி எழுந்தால் ஒரு தடவை ஏதாவது நிரல் காரணமின்றி விழும். எந்த நிரல் என்று சொல்ல முடியாது. டிரைவர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன், பயனில்லை. கடைசியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். 3 ஜிபி நினைவகத்தை வாங்கிக்கொள்ளும், அதாவது 7,86,432 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் அதன் வரிசை எண்ணாலேயே நிரப்பும். எழுந்ததும் எண்களைச் சரிபார்க்கும். கூடவே ஒவ்வொரு பக்கமும் உண்மையில் ரேமின் எந்தச் சட்டத்தில், அதாவது எந்த 4 கேபி இடத்தில், உட்கார்ந்திருக்கிறது என்பதையும் குறித்து வைக்கும். இரவு முழுக்கத் தானாகத் தூங்கித் தானாக எழும்படி கடிகார அலாரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் இரண்டு சுற்றுகளில் பிழை. முதலாவதில் நாலு பக்கம், அடுத்ததில் மூன்று. ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் நாலு. அவற்றின் சட்ட எண்களைப் பார்த்தேன்: அடுத்தடுத்து இருந்தன, ஃபர்ம்வேர் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட பகுதியின் விளிம்பை ஒட்டி. தூங்கும் முன் நடந்த பூட்டின் நினைவக வரைபடத்தையும், எழுப்பிய பூட்டின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியானது. ஃபர்ம்வேர் சில பூட்டுகளில் அந்தப் பகுதியைச் சில பக்கங்கள் கீழே இருந்தே தொடங்குகிறது. நேற்று கெர்னலுக்குச் சொந்தமான பக்கம் இன்று ஃபர்ம்வேருக்குச் சொந்தம். இருவரும் அதைத் தங்களுடையது என்று நம்பி எழுதுகிறார்கள். வேலியை ராத்திரியில் நகர்த்திவைத்த வயல்போல.

ஃபர்ம்வேரைத் திருத்தி வாங்க நாலு மாதம் ஆனது. பின்னாளில், 2016ஐ ஒட்டி, தூங்கும்போது இருந்த நினைவக வரைபடத்தின் சுருக்கக் குறியை இமேஜோடு சேர்த்து வைத்து, எழும்போது ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் எழுப்ப மறுக்கும் ஏற்பாடு கெர்னலிலேயே வந்தது. அந்த மாற்றத்தைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லித் தீராது. எழ மறுக்கும் இயந்திரம் பயனருக்கு எரிச்சல் தரும், உண்மை. ஆனாலும் தப்பாக எழுவதைவிட எழாமல் இருப்பது எத்தனையோ மேல். சேமிக்காத ஒரு கடிதம் போகலாம். டிஸ்க் போகக் கூடாது.

ரகசியங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நாள் எழுந்து ஓடிக்கொண்டிருந்த ஓர் இயந்திரத்தின் ஸ்வாப் பகுதியில், படிக்கத்தக்க எழுத்துகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். என் மின்னஞ்சலின் கடவுச்சொல் வெட்டவெளிச்சமாக அதில் இருந்தது. எழுப்பி முடித்ததும் அந்தப் பத்து பைட்டுகள்தான் மாறுகின்றன; இமேஜ் தன் இடத்திலேயே கிடக்கிறது, வேறு ஏதாவது அதன் மேல் எழுதப்படும்வரை. டிஸ்கின் குறியாக்கச் சாவிகூட ரேமில் இருப்பதால் படத்திலும் இருக்கும். அன்றிலிருந்து ஸ்வாப்பையும் சேர்த்துக் குறியாக்கம் செய்யாமல் நான் எந்த லேப்டாப்பையும் கையளித்ததில்லை. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் புதிய சாவி போடும் எளிய முறை இங்கே உதவாது, ஏனென்றால் நேற்றைய சாவி இல்லாமல் நேற்றைய இமேஜைத் திறக்க முடியாது. கடவுச்சொல்லைக் கேட்டுத் திறக்கும் முறைதான் வேண்டும், அதுவும் எழுப்பும் கட்டத்துக்கு முன்பே. 2019இல் 5.4 கெர்னலில் லாக்டவுன் என்ற பாதுகாப்புக் கட்டுப்பாடு வந்த பிறகு, செக்யூர் பூட் போட்ட பல இயந்திரங்களில் ஹைபர்நேட் அடியோடு மூடப்பட்டுவிட்டது. டிஸ்கில் கிடந்த படத்தை யாராவது திருத்தியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை என்பது காரணம். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் காரணம் நியாயமானது.

இப்போது வரும் லேப்டாப்களில் 32 ஜிபி ரேம் சர்வசாதாரணம். நொடிக்கு இரண்டு மூன்று ஜிபி எழுதும் எஸ்எஸ்டி. வேகம் ஒரு பிரச்சினையாகவே இல்லை. மக்கள் மூடியை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். பேட்டரி இறங்கும்போதோ பல மணிநேரம் கழித்தோ அது தானாக ஹைபர்நேட்டுக்கு மாறினால் உண்டு. மறுபக்கம், மேகக் கணினிகளுக்கு இந்தப் பழைய வித்தை புதுசாகத் தேவைப்படுகிறது. 2018 நவம்பரில் அமேசான் தன் இசி2 இயந்திரங்களுக்கு ஹைபர்நேட் கொண்டுவந்தது. ரூட் டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

என்னோடு இப்போது வேலை செய்யும் பெண்ணுக்கு அந்தப் பக்க எண் நிரலைக் கொடுத்திருக்கிறேன். அவர் அதில் நிறையச் சேர்த்துவிட்டார். தூங்கும் முன் ஒரு கோப்பை நகலெடுக்க ஆரம்பித்து நடுவில் தூங்க வைக்கிறார், நெட்வொர்க் கேபிளை இன்னொரு இயந்திரத்திலிருந்தே துண்டிக்க வைக்கிறார், சர்வரின் கடிகாரத்தை ஒரு நாள் முன்னே தள்ளிவிடுகிறார். நான் யோசிக்காதவை. போன வாரம் காலையில் வந்து பார்த்தால் இருநூறு சுற்று ஓட வேண்டிய சோதனை 61இல் நின்றிருந்தது.

"சார், மெமரி எல்லாம் கரெக்டா இருக்கு. ஆனா இது தூங்கவே போகல" என்றார்.

லாகை மேலே நகர்த்தினோம். 20 நொடி, உறைய மறுக்கும் நிரல், அதன் பெயர். நெட்வொர்க் வழியே திறந்த கோப்பகம் ஒன்றின் பதிலுக்காக அது காத்திருந்தது. கேபிளை எந்தச் சுற்றில், எத்தனையாவது நொடியில் துண்டிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் தன் ஸ்கிரிப்டைத் திறந்து வரிகளை எண்ண ஆரம்பித்தார்.